திரும்பி வரும் எல்இடி பல்புகள்: குறை எங்கே?

கேள்வி: கோவையில் ஆறு பேரை வைத்து எல்இடி பல்பு தயாரிக்கிறேன். ஒவ்வொன்றையும் எரியவிட்டுப் பார்த்தே அனுப்புகிறோம். ஆனாலும் நான்கு மாதங்களுக்குள் நூற்றுக்கு ஏழெட்டு திரும்பி வருகின்றன. விலையுயர்ந்த சோதனைக் கருவி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் திரும்பி வந்தவற்றில் இருபதைத் திறந்து, டிரைவர் போர்டில் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் அட்டையில்) உள்ள உருளை வடிவக் கெபாசிட்டரை, அதாவது மின்தேக்கியைப் பாருங்கள். தலை உப்பியிருந்தாலோ அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தாலோ, பெரும்பாலும் குறை உங்கள் ஆட்களின் கைவேலையில் இல்லை, வாங்கிய சரக்கில்தான் இருக்கிறது. 105 டிகிரியில் 2000 மணி நேரம் உழைக்கும் கெபாசிட்டருக்கு, வெப்பம் பத்து டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். பல்புக்குள் 85 டிகிரி இருந்தால் 8000 மணி நேரம் தாங்க வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேரம் எரிந்தால் நான்கு மாதத்தில் ஆவது 720 மணி நேரம்தான்.

பாதி விலைக்குத் தரும் தரகர்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. பழைய போர்டுகளில் கழற்றியதற்குப் புது உறை மாட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பட்டறையில் 'புதியது' என்று வாங்கியிருந்த கெபாசிட்டரின் உறையை நான் பிளேடால் கீறியபோது, உள்ளே வேறு நிறத்தில் இன்னோர் உறை தெரிந்தது. அதில் 85 டிகிரி என்றே அச்சாகியிருந்தது. ஒவ்வொரு லாட்டிலும் (ஒரே தொகுதியாக வந்த சரக்கிலும்) ஒன்றைக் கீறிப் பாருங்கள். கால்களின் முனையில் ஈயப்பற்று இருக்கிறதா என்று கவனியுங்கள். பத்து கெபாசிட்டர்களை, அவற்றின் திறனைக் காட்டும் எல்சிஆர் மீட்டரில் அளந்து பதிவேட்டில் எழுதுங்கள். ஒரு நிமிடம் எரியவிடுவது சோதனை ஆகாது. லாட்டுக்குச் சில பல்புகளையாவது மூடிய பெட்டியில் 24 மணி நேரம் எரியவிட்டு, எல்லாப் பல்பிலும் லாட் எண்ணைக் குறியுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. திரும்பி வருபவை பெரும்பாலும் ஒரே கடையிலிருந்து, ஒரே தெருவிலிருந்து வந்தால் கெபாசிட்டரைப் பழிக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். 400 வோல்ட் கெபாசிட்டர் அதைத் தாங்கும். ஆனால் அந்தப் பகுதியில் மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி விட்டுப்போய் வீட்டுக்கு 300 வோல்ட் வந்தால் உச்சம் 424 ஆகிவிடும், அப்போது அசல் சரக்கும் வெடிக்கக்கூடும். அங்கே 450 வோல்ட் கெபாசிட்டரும், உயர் மின்னழுத்தத்தில் டிரைவரைத் துண்டிக்கும் பாதுகாப்பும் தேவை. ஆகவே எந்த ஊர், எந்தக் கடை என்று எழுதாமல் ஒரு பல்பையும் திரும்ப வாங்காதீர்கள்.

'பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு வாங்கித் தருகிறேன், சரக்கைப் பற்றிக் கவலை வேண்டாம்' என்பவரையும் நம்பாதீர்கள். பதிவுக்காக ஆய்வகம் பார்ப்பது நீங்கள் அனுப்பும் மாதிரியை மட்டுமே. ஆறு பேர் உழைக்கும் பட்டறைக்கும் பெரிய ஆலைக்கும் ஒரே படிவங்களை நீட்டும் முறை, அசல் கெபாசிட்டரை ஐந்நூறு எண்ணிக்கையில் வாங்க ஒரு வழியும் செய்து தரவில்லை. தரகர் பிழைப்பதே அந்த இடைவெளியில்தான். பக்கத்துப் பட்டறைகள் நான்குடன் சேர்ந்து, அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் மொத்தமாக வாங்கி, பில்லில் லாட் எண்ணையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.