கார் கேள்வி-பதில்: வார நாளில் ஆபீஸ், ஞாயிறு ஆட்டோகிராஸ்

கேள்வி: என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட், 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் அவிநாசி சாலையில் ஆபீஸ் போய்வருகிறேன். வருடத்துக்கு மூன்று நான்கு முறை ஆட்டோகிராஸ் (குறுகிய தடத்தில் நேரத்தை எதிர்த்து ஓட்டும் கார் போட்டி) ஓட்டுகிறேன். வளைவில் பாடி சாய்கிறது, ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் முன்பக்கம் நேராகவே தள்ளிக்கொண்டு போகிறது. 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் போடச் சொல்கிறார் கடைக்காரர். போடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஓட்டுவது மண் தரையிலா, தார்த் தரையிலா என்று நீங்கள் எழுதவில்லை. நம் ஊர் ஆட்டோகிராஸ் பெரும்பாலும் மண் மைதானத்தில்தான் நடக்கிறது. அமெரிக்காவில் அதே பெயரில் நடப்பது தார் அல்லது கான்கிரீட் தரையில் கூம்பு வைத்து ஓட்டுவது. யூடியூபில் பார்க்கிற ‘இறக்கு, இறுக்கு’ யோசனைகள் அந்தத் தரைக்கானவை. மண்ணில் நாலைந்து கார் ஓடினாலே வளைவில் தடம் விழுந்துவிடும். அங்கே சக்கரம் மேலும் கீழும் போய்வர இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் 40 மி.மீ. ஸ்பிரிங் தின்றுவிடுகிறது.

தார்த் தரைக்கும் 40 அதிகம்தான். ஸ்விஃப்டின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு. காருக்கு முன்னால் குனிந்து, சக்கரத்தைக் கீழ்ப்பக்கத்தில் காரோடு இணைக்கும் லோயர் ஆர்மைப் பாருங்கள். கம்பெனி உயரத்தில் அது ஏறக்குறைய படுகிடையாக இருக்கும். காரை 40 மி.மீ. இறக்கினால் ஆர்மின் சக்கரப் பக்க முனை மேலே ஏறி நிற்கும். அப்போது பாடி எந்தப் புள்ளியை அச்சாகக் கொண்டு சாய்கிறதோ, அந்த ‘ரோல் சென்டர்’ கார் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடுகிறது. பாடியைச் சாய்க்கிற நெம்புகோல் நீளமாகிறது. காரை இறக்கிய பிறகும் சாய்வு குறையவே இல்லை என்று பலர் குழம்புவது இதனால்தான். ஸ்பிரிங் கூடுதல் விறைப்பாக இருந்தால் ஈடு கட்டும். அந்த விறைப்பை ஆபீஸ் போகிற வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் உங்கள் முதுகு வாங்கிக்கொள்ளும்.

முதலில் தேய்ந்ததை மாற்றுங்கள். லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ்ஷில் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள்; ரப்பர் பிளந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் சக்கரம் தன் கோணத்தை விட்டு நகரும். பால் ஜாயின்ட், லிங்க் ராட், டாப் மவுண்ட் ஆகியவற்றையும் பாருங்கள். ஷாக்கின் உடலில் லேசான எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பரவாயில்லை. ஈரமாக வழிந்து மண் அப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. டயர் ஓரத்தில் கையை ஓட்டும்போது அலை அலையாக மேடுபள்ளம் தட்டுப்பட்டாலும் ஷாக்கைச் சந்தேகப்படலாம்.

அடுத்தது நல்ல டயர். அதற்குப் பிறகு முன்சக்கரக் கேம்பர், அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம்; மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் மைனஸ். பாடி 3 டிகிரி சாய்ந்தால் ஸ்ட்ரட் வண்டியில் வெளிப்பக்கச் சக்கரமும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வெளியே சாய்கிறது. டயரின் வெளி ஓரம் மட்டும் தரையில் அழுந்தும், உள்பக்கம் சும்மா இருக்கும். ‘முன்பக்கம் தள்ளுகிறது’ என்று நீங்கள் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை ஸ்ட்ரட்டோடு பிடிக்கிற இரண்டு போல்ட்டில், வழக்கமாக மேலே உள்ளதற்குப் பதிலாகக் கேம்பர் போல்ட் போட்டால் தார்த் தரைக்கு மைனஸ் 1.5 டிகிரி வரை கொண்டுவரலாம். மண்ணுக்கு மைனஸ் 1 தாண்ட வேண்டாம். இந்த போல்ட் ஒரிஜினலைவிட மெல்லியது. அதன் பெட்டியில் போட்டிருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கே முடுக்க வேண்டும். பழைய போல்ட்டின் அளவுக்கு முடுக்கினால் முறியும், குறைத்து முடுக்கினால் ஒரு பள்ளத்தில் நழுவிவிடும். முடுக்கியபின் போல்ட் தலையிலிருந்து ஸ்ட்ரட் வரை பெயின்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் நழுவிவிட்டது என்று குனிந்து பார்த்தே சொல்லிவிடலாம்.

கேம்பரை வைத்த பிறகே டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) வைக்க வேண்டும், ஏனென்றால் கேம்பர் மாறினால் டோவும் மாறும். இரு முன்சக்கரமும் சேர்த்து டோ பூஜ்யத்தில் இருக்கட்டும். உள் ஓரம் சீக்கிரம் தேய்வதற்குக் கேம்பரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோதான்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால், கம்பெனி ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு சற்று இறுக்கமான கேஸ் ஷாக் நான்கும் போடுங்கள். ஷாக் மொத்தச் சாய்வைக் குறைக்காது. சாய்கிற வேகத்தைக் குறைக்கும். இடமும் வலமும் மாறி மாறிக் கூம்பு வருகிற இடத்தில் அந்த வேகம்தான் நேரத்தைத் தின்கிறது. ஸ்பிரிங்கும் மாற்றியே தீர வேண்டுமென்றால் 15 முதல் 20 மி.மீ. வரை போதும், அதுவும் தார்த் தரைக்கு மட்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. ஷாக்கின் டஸ்ட் கவரை மேலே ஏற்றிவிட்டு, பிஸ்டன் ராடில் ஒரு கேபிள் டை கட்டி, ஷாக்கின் தலையில் உட்காரும்படி கீழே தள்ளிவிடுங்கள். ஒரு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். டை ராடில் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ அவ்வளவு நீளத்தைச் சஸ்பென்ஷன் பயன்படுத்தியிருக்கிறது. டை பம்ப் ஸ்டாப்பை (ராடின் மேல்முனையில் உள்ள முட்டு ரப்பர்) தொட்டிருந்தால் இறக்குவதைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

கேள்வி: தனியாக ஸ்பிரிங் வாங்க வேண்டாம், இருப்பதில் ஒரு சுற்றை அறுத்துவிட்டால் அதே வேலைதான் என்கிறார் மெக்கானிக். சரியா?
– வாசகி, திருப்பூர்

பதில்: உயரம் குறையும், உண்மை. விறைப்பும் கூடும்: வேலை செய்கிற சுற்று ஆறு இருந்து ஒன்றை அறுத்தால் ஐந்து, விறைப்பு ஐந்துக்கு ஆறு என்ற விகிதத்தில், அதாவது 20 சதவீதம் ஏறும். ஆனால் அறுத்த முனை ஸ்பிரிங் தட்டில் பொருந்தி உட்காராது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து திரும்பிக்கொள்ளும், தரையில் இறங்கும்போது கோணலாக அமரும். கேஸ் வெட்டால் அறுத்திருந்தால் இன்னும் மோசம். சூட்டில் எஃகின் பதம் போய் அந்த இடத்திலேயே முறியும். இதில் ஷாக் பழையதாகவே இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்பிரிங்கோடு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: நான்கு ஷாக்கும் புதிதாகப் போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்னால் ‘டங்’ என்று சத்தம். கார் முன்பைவிட உயரமாகவும் தெரிகிறது. ஷாக் டூப்ளிகேட்டா?
– வாசகர், சேலம்

பதில்: ஷாக்கின் மேல் பழி போடும் முன் மாட்டிய விதத்தைப் பாருங்கள். திருப்பும்போது வரும் ‘டங்’ பெரும்பாலும் ஸ்ட்ரட்டின் மேல்முனையில் உள்ள டாப் மவுண்ட் பியரிங். பழைய பியரிங்கையே திரும்பப் போட்டிருப்பார்கள். அது இறுகிப் பிடித்துக்கொண்டால் ஸ்டீயரிங் திரும்பும்போது ஸ்பிரிங் முறுக்கேறி, ஒரு கட்டத்தில் விடுபட்டு அடிக்கும். சக்கரத்துக்கு மேலே உள்ள இடைவெளி வழியாக ஸ்பிரிங்கின் மேல் விரலை லேசாக வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டீயரிங் திருப்பச் சொல்லுங்கள். சத்தத்தோடு ஸ்பிரிங் துள்ளுவது கையில் தெரியும். ஸ்பிரிங்கின் கீழ்முனை தட்டில் உள்ள படியில் முட்டி நிற்கிறதா என்றும் பாருங்கள்.

உயரத்துக்குக் காரணம் வேறு. லோயர் ஆர்ம் போல்ட்டையும், பின்சக்கரங்களை இணைக்கும் பீமின் போல்ட்டையும் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முடுக்கியிருப்பார்கள். அந்த நிலையில் ரப்பர் புஷ் பிடிபட்டுவிடுவதால், கார் தரையில் இறங்கியதும் அது முறுகி, ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காரைத் தூக்கிப் பிடிக்கிறது. இப்படியே ஓட்டினால் சில மாதங்களில் ரப்பர் கிழியும். போல்ட்டுகளைத் தளர்த்தி, காரைச் சக்கரத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் உருட்டி, பானெட்டை நாலு முறை அழுத்திவிட்டு அதே நிலையில் முடுக்கச் சொல்லுங்கள்.

மாட்டும்போது பிஸ்டன் ராடைப் பிளையரால் பிடித்திருந்தார்களா என்றும் கேளுங்கள். குரோம் மேல் விழுந்த கீறல் ஆயில் சீலை அறுக்கும். புது ஷாக் ஒழுக ஆரம்பிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: இப்படி மாற்றினால் சட்டம் என்ன சொல்கிறது? ஆட்டோகிராஸில் கார் அடிபட்டால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?
– வாசகர், மதுரை

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க முடியும். அதே அளவில் ஷாக், புஷ் மாற்றுவது பழுதுபார்ப்பு. உயரத்தைக் குறைப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. போட்டியில் அடிபட்டால் இன்சூரன்ஸ் கிடைக்காது. வழக்கமான தனியார் கார் பாலிசி, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாட்டை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது.

கேள்வி: ஆட்டோகிராஸ் அன்று டயரில் எவ்வளவு காற்று வைப்பது?
– வாசகர், சென்னை

பதில்: தார்த் தரையென்றால் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவைவிட முன்சக்கரத்தில் 4 பி.எஸ்.ஐ. கூட்டி ஆரம்பியுங்கள். டயரின் தோள்பட்டையில் மூன்று இடத்தில் சாக்பீஸால் பட்டையாகத் தேய்த்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். பக்கவாட்டில் இருக்கும் சிறு முக்கோணக் குறியைத் தாண்டிச் சாக்பீஸ் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, 2 கூட்டுங்கள். தோளின் விளிம்புவரைகூட அழியவில்லையென்றால் 2 குறையுங்கள். முன்பக்கம் இன்னும் தள்ளினால் பின்சக்கரத்தில் மட்டும் 2, 2 ஆகக் கூட்டிப் பார்க்கலாம். பின்பக்கம் வழுக்கத் தொடங்கினால் அதோடு நிறுத்திவிட வேண்டும். டயரில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவைத் தாண்டவே கூடாது. வெயிலில் 5, 6 டிகிரி சூடு ஏறினாலே ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. கூடும் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் முன் அளவு பாருங்கள். மண் தரைக்கு இந்தக் கூட்டல் வேண்டாம், கதவோர அளவே போதும். வீட்டுக்குக் கிளம்பும்போது ஏற்றியதை இறக்கிவிட்டு, மறுநாள் காலை டயர் குளிர்ந்திருக்கும்போது இன்னொரு முறை சரிபாருங்கள்.