நண்பனிடம் கொடுத்த புத்தகத்தைத் திருப்பி வாங்கினேன்

“எனக்குப் பிடித்த படங்களையும் புத்தகங்களையும் ஆர்வமில்லாத நண்பர்களிடம் பார், படி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். நான் செய்வது பிழையா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு தடவை சொல்வதில் பிழையே இல்லை. அடுத்த கிழமை போய் “படிச்சிட்டியோ?” என்று கேட்கிறோமே, அங்கேதான் பிழை தொடங்குகிறது. ஒரு நல்ல சிநேகிதனைக் கிட்டத்தட்ட இழந்த பிறகுதான் எனக்கு இது விளங்கியது.

அவன் என்னோடு ஐந்தாம் வகுப்பிலிருந்து படித்தவன். யாழ்ப்பாணம் கே.கே.எஸ். வீதியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன் எனக்கு உயிரான ஒரு நாவலை அவனிடம் கொண்டுபோனேன். நானூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். “மச்சான், நீ இதைக் கட்டாயம் படிக்கவேணும்” என்றேன். கையிலிருந்த ஒயிலை வடிவாகத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினான்.

அடுத்த கிழமை போனபோது புத்தகம் பில் கொப்பிக்குக் கீழே கிடந்தது. கேட்டேன். “தொடங்கீட்டன்ரா” என்றான். அதற்கடுத்த கிழமையும் கேட்டேன். பிறகு அவன் என் போனை எடுப்பது குறைந்தது. நல்லூர்த் திருவிழாவில் தூரத்தில் கண்டு கை காட்டினான், கிட்ட வரவில்லை.

அவனுடைய மனைவிதான் ஒருநாள் சொன்னார்: “அண்ணை, இவர் கடை பூட்டி வந்து, சாப்பிட்டிட்டு, நித்திரை தூங்கித் தூங்கி உங்கட புத்தகத்தோட இருக்கிறார். நீங்கள் கேப்பியள் எண்டு.” உள்ளே போய் எடுத்தும் காட்டினார். பக்க அடையாளத்துக்கு ஒரு பிளக் பெட்டியின் மட்டையைக் கிழித்து வைத்திருந்தான். ஓரத்தில் ஒயில் விரல் பதிந்த அந்த மட்டைத் துண்டு 62ஆம் பக்கத்தில் நின்றது. அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நாள் முழுக்க உடம்பு முறிய உழைக்கிறவனுக்கு, நான் நேசித்த ஒரு கதையைக் கடனாக்கிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. அதன்பின் 1990இல் மின்சாரமும் போனது. சயிக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. ஜாம் போத்தல் விளக்கில் எண்ணெய் முடிவதற்குள் ஒரு அத்தியாயமாவது முடித்துவிட வேண்டும். கலண்டர் தாளில் உறை போட்ட ஒரே புத்தகம் பத்து வீட்டுக்குப் போய் வரும். சின்ன மாமா ஒருவர் படித்துக்கொண்டிருந்தால், முடிப்பாரா முடிப்பாரா என்று நாங்கள் நாலு பேர் திண்ணையில் காத்திருப்போம். யாரும் யாரையும் வற்புறுத்தத் தேவை இருக்கவில்லை. பசியோடு இருந்தவர்களுக்குப் பரிமாறிப் பழகிய கை, பசியில்லாதவனின் இலையிலும் அதே அளவு போட்டுவிடுகிறது. அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படத்திலும் இதேதான். 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணம் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு ஒருமுறை இரண்டு பேரை இழுத்துக்கொண்டு போனேன். படம் ஓடிய நேரம் முழுக்க நான் திரையைப் பார்க்கவில்லை, அவர்களுடைய முகத்தைத்தான் பார்த்தேன். பக்கத்தில் ஒருவன் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் யாரால் படம் பார்க்க முடியும்? (இணைப்பு அனுப்புவதையும் இதோடு சேருங்கள். ‘நூலகம்’ இணையத்தளத்தில் 2005இலிருந்து ஈழத்து நூல்களைச் சேர்த்து வருகிறார்கள், இலவசமாகவே படிக்கலாம். எனக்கு அது பெரும் செல்வம். ஆனால் ஒரு இணைப்பைப் பத்துப் பேருக்கு ஒன்றாக அனுப்பும்போது அந்தப் பத்துப் பேரில் ஒருவரையாவது நினைத்து அனுப்புகிறோமா?)

நீங்கள் கொடுத்த புத்தகம் ஏதாவது யாருடைய வீட்டிலாவது படிக்கப்படாமல் கிடந்தால், போய்த் திருப்பி வாங்கிவிடுங்கள். ஏன் படிக்கவில்லை என்று மட்டும் கேட்க வேண்டாம்.

நான் அப்படித்தான் செய்தேன். “வேற ஒராள் கேக்கிறார், உந்தப் புத்தகத்தை எடுத்துத் தாவன்” என்றேன். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைக் கண்டேன். ஓடிப்போய் எடுத்துவந்தான். “இரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றான். அவன் அப்படிச் சொல்லி எத்தனையோ நாள்.

தேத்தண்ணி பாதியில் இருக்கும்போது, ஒரு செயினை முறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டான்: “அந்தக் கிழவன் கடைசியில காணியை வித்தவனோ?”

63ஆம் பக்கத்திலிருந்து நான் சொல்லத் தொடங்கினேன். அன்றைக்கு ஒரு அத்தியாயம்தான் சொல்ல முடிந்தது, அதற்குள் ஒரு ஸ்கூட்டி திருத்த வந்துவிட்டது. இப்போதும் கடைப்பக்கம் போனால் பட்டறை வாங்கைத் தட்டிவிட்டு இருக்கச் சொல்லுவான், “ம், பிறகு?” என்பான். கதை இன்னும் பாதிதான் வந்திருக்கிறது. புத்தகம் என் அலுமாரியில் இருக்கிறது, அந்த மட்டைத் துண்டை நான் எடுக்கவில்லை.