ஒன்பது ஊர் வேண்டாம், மூன்று போதும்

கேள்வி: எனக்கு வயது 63, பணி ஓய்வு பெற்றவன். செப்டம்பர் கடைசியில் மனைவியுடன் பாரிஸில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறேன். அங்கிருந்து ஆறு நாள் அல்சாஸ் பகுதியின் பழைய ஒயின் ஊர்களை நிதானமாகச் சுற்றிப் பார்க்க ஆசை. பென்விர், சிகோல்சைம் உட்பட ஒன்பது ஊர்களைக் குறித்து வைத்திருக்கிறேன். கார் ஓட்ட மாட்டேன். மனைவிக்கு மூட்டுவலி, சைவம், ஒயின் தொடமாட்டார். எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கொல்மார், எகிசைம், ரிக்வீர். இந்த மூன்று போதும். 1953-இல் திறக்கப்பட்ட அல்சாஸ் ஒயின் சாலை சுமார் 170 கி.மீ. நீளம். வழியெங்கும் மரச்சட்ட வீடு, ஜன்னலில் பூந்தொட்டி, நடுவில் ஒரு நீரூற்று. ஆறு நாளில் ஒன்பது ஊர் போனால், எந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்பதே பிறகு தெரியாது.

பென்விரையும் சிகோல்சைமையும் முதலில் அடித்துவிடுங்கள். 1944 டிசம்பரிலும் அடுத்த மாதமும் கொல்மாரைச் சுற்றி நடந்த சண்டையில் இரண்டும் தரைமட்டமாயின. இப்போது நிற்பவை போருக்குப் பின் கட்டிய வீடுகள். ஒயினில் குறை சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் தேடும் பழைமை அங்கே கிடைக்காது. ரிபோவிலேயின் பேர்பெற்ற மூன்று கோட்டைகளும் மலைமேல் இருக்கின்றன, மூட்டுவலிக்கு ஆகாது. கைசர்ஸ்பெர்க் நல்ல ஊர்தான். ஒரு நாள் மிஞ்சினால் பார்க்கலாம்.

கொல்மாரில் மூன்று இரவு தங்குங்கள். பாரிஸ் கார் தெ லெஸ்ட் நிலையத்திலிருந்து நேரடி டிஜிவி அதிவேக ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். நேரடி ரயில்கள் குறைவு. கிடைக்காவிட்டால் ஸ்ட்ராஸ்பூரில் மாறுங்கள், அங்கிருந்து அரை மணிதான். ஒயின் குடிக்காதவருக்கும் இங்கே பார்க்க நிறைய உண்டு. உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் குருனேவால்டின் இசன்ஹைம் பலிபீட ஓவியம் இருக்கிறது. பூஞ்சை பிடித்த கம்புத் தானியத்தால் வந்த கொடிய நோய்க்கு மருத்துவம் பார்த்த மடத்துக்காக, 16-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வரைந்தது. அதனால்தான் சிலுவையில் தொங்கும் இயேசுவின் உடலெங்கும் புண்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துப் போகும் நாளை முடிவு செய்யுங்கள்.

அடுத்த இரண்டு இரவு எகிசைம். கொல்மாரிலிருந்து சுமார் 7 கி.மீ. பகலில் வந்துபோனால் பாதி ஊர்தான் பார்த்ததாகும். பதினொரு மணிக்கு வரத் தொடங்கும் சுற்றுலாப் பேருந்துகள் மாலை ஐந்துக்கு மேல்தான் கிளம்புகின்றன. தங்குபவர்களுக்கு ஊர் கிடைப்பது அதன் பிறகு. நடுவே கோட்டை, அதைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெருக்கள். மதிலோரத் தெருவில் எந்தப் பக்கம் நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம், ஏற்றமும் அதிகமில்லை. ஆனால் தரை முழுக்கக் கல் பாவியது. சக்கரப் பெட்டியை இழுப்பது வதை. பெரிய பெட்டியைப் பாரிஸிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பழைய வீட்டு விடுதிகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. தரைத்தள அறை வேண்டுமென்று முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள்.

ரிக்வீருக்குக் கொல்மாரிலிருந்து பேருந்தில் காலையில் போய் மாலையில் திரும்பலாம். ஞாயிற்றுக்கிழமை பேருந்து அரிது. திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொண்டே ஏறுங்கள். முக்கியத் தெரு மெல்ல மேலேறி, 1291-இல் கட்டிய டோல்டர் கோபுரத்தில் முடியும். தெருவில் டாக்சியைக் கைகாட்டி நிறுத்தும் பழக்கம் இந்தப் பக்கம் இல்லை, விடுதிக்காரரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

ஒயின் சுவைக்கக் கொடுக்கும் நிலவறைகள் பெரும்பாலும் 12 முதல் 2 வரை அடைத்திருக்கும், சில ஞாயிறும் திறப்பதில்லை. இங்கத்திய ஒயின் வகைகளைச் சுவைக்கும்போது முதலில் ரீஸ்லிங், பிறகு பினோ கிரி, கடைசியில் கெவூர்ஸ்ட்ராமினர். இனிப்பை முதலில் குடித்தால் அடுத்து வரும் ரீஸ்லிங் வெறும் புளிப்பாகத் தெரியும். லேபிளில் ‘செக்’ என்றிருந்தால் இனிப்பில்லாதது, ‘மோலே’ என்றால் இனிப்பு. ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்குக் கிண்ணம் இருக்கும், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். கட்டணம் வாங்காத இடத்தில் ஒரு பாட்டிலாவது வாங்குவது மரியாதை.

நீங்கள் போவது அறுவடைக் காலம். திராட்சைத் தோட்டப் பாதைகள் சில மூடியிருக்கும். அதே நாட்களில் நுரைத்துக்கொண்டே இருக்கும் புது ஒயினும் கடைக்கு வரும், வால்நட்டோடு சாப்பிடுவார்கள். வாயு வெளியேறுவதற்காக மூடியை இறுக்கமாட்டார்கள், அதனால் பையில் படுக்க வைத்தால் துணியெல்லாம் நாசம். வாங்கிய அன்றே குடித்துவிடுங்கள்.

சைவத்தில் கவனம் தேவை. மெல்லிய மாவில் கிரீமும் வெங்காயமும் பரப்பிச் சுடும் டார்ட் ஃப்ளாம்பேயில் வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். ‘சான் லார்தோன்’ என்று சொன்னால் அது இல்லாமல் தருவார்கள். குகெல்ஹோஃப் கேக்கில் முட்டை உண்டு. அதன் உப்பு வகையில் இறைச்சியும் சேர்ப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டுக்கு மேல் பல கடைகளில் அடுப்பு அணைந்துவிடும், இரவு ஏழு வரை ரொட்டிக் கடைதான் கதி.

ஊருக்குத் திரும்பும்போது ஒருவருக்கு 2 லிட்டர் வரைதான் சுங்கவரி இல்லை, 750 மி.லி. பாட்டில் என்றால் இரண்டு. இருவர் அளவையும் சேர்த்து நான்கு லிட்டர், ஐந்து பாட்டில் என்று கணக்குப் போட முடியாது. அல்சாஸ் பாட்டில் ஒல்லியாக உயரமாக இருக்கும். துணியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள்.