எஸ்ஜீ தோட்டா சிதறுது, எந்தக் கொம்பனி வாங்கிறது?

தம்பலகாமத்தில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாட பழைய இரட்டைக்குழல் பன்னிரண்டு போர் (போர் எண்டா குழல்ட அளவு) துவக்கு, அப்பா மோசம் போன பிறகு பயிர்ப் பாதுகாப்புப் பெர்மிட்டைத் தன்ர பேருக்கு எடுத்திட்டாராம். வயலுக்குப் பண்டி வருது, 50 மீற்றரில எஸ்ஜீ, அதாவது பெரிய உருண்டைச் சன்னம் நிரப்பின தோட்டாவால, வெடி வைச்சா ஒண்டும் படுறதில்ல, அதே பெட்டித் தோட்டாவ மாமா தன்ர துவக்கில போட்டா நல்லாச் சேர்ந்து விழுது, அப்ப எந்தக் கொம்பனி தோட்டா எனக்குச் சரிவரும் எண்டு.

தம்பி, ஒரே பெட்டி, ரெண்டு துவக்கு, ரெண்டு விதமா விழுதெண்டா கொம்பனியில என்ன பிழை? குழல்லதான் வித்தியாசம். குழல்ட வாய்ப்பக்கம் கொஞ்சம் இறுக்கி விட்டிருப்பாங்கள், அதத்தான் சோக் எண்டு சொல்லுறது. ஃபுல் சோக்கெண்டா ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் இறுக்கம், ஹாஃப் சோக்கெண்டா அதில பாதி, சிலிண்டர் எண்டா இறுக்கமே இல்ல. இரட்டைக்குழல்ல பொதுவா வலது குழல் தளர்வு, இடது இறுக்கம், முன் விசைய அமத்தினா வலது வெடிக்கும். நீங்க முன் விசையிலயே அடிச்சுக்கொண்டு இருக்கிறீங்க போல. எண்டு சொல்லி இடதுக்கு மாறினாச் சரி எண்டும் நினைக்காதீங்க, எஸ்ஜீ மாதிரிப் பெரிய சன்னம் ஃபுல் சோக்கில நெருக்குப்பட்டு உருமாறி இன்னும் மோசமா சிதறுறதும் இருக்கு, ஹாஃப் சோக்கில அழகா விழும். ரெண்டு குழலையும் தனித்தனியாப் பாக்கத்தான் வேணும்.

அடுத்தது தூரம். எஸ்ஜீ சன்னம் ஒண்டு 8.4 மில்லிமீற்றர், சாதாரணத் தோட்டாவில கிடக்கிறது 9 சன்னம். தளர்வான குழல்ல போற ஒவ்வொரு யார் (மூண்டடி) தூரத்துக்கும் ஏறக்குறைய ஒரு இஞ்சி விரியும், அப்ப 50 மீற்றரில நாலு நாலரை அடி அகலத்துக்கு வெறும் 9 சன்னம். பண்டி நடுவால தப்பிப் போறதில என்ன அதிசயம்? பட்டாலும் ஒண்டு ரெண்டு பட்டு, காயத்தோட பத்தைக்குள்ள போய்க் கிடக்கும், விடிய அந்தப் பக்கம் விறகு பொறுக்கப் போற ஆளுக்குத்தான் ஆபத்து. 25 மீற்றர், மிஞ்சினா 30, அதுக்கு மேல எஸ்ஜீயால அடிக்கவே வேணாம். ஆனா தப்பின சன்னம் 600 மீற்றர் தாண்டியும் போகும், பக்கத்து வயல் காவல் கொட்டில்ல ஆள் இருக்கெண்டத மறந்திடாதீங்க.

சோதிக்கிற விதம் லேசு. சீமெந்துப் பேப்பரை ஒட்டி நாலடிக்கு நாலடி தாள் செய்து, பின்னால மண் அணை இருக்கிற இடத்தில 25 மீற்றரில கட்டுங்கோ. ஒவ்வொரு குழலாலயும் மூண்டு வெடி, ஒவ்வொண்டுக்கும் புதுத்தாள். ஒரு பண்டிட நெஞ்சளவு வட்டம் போட்டு 9ல எத்தினை உள்ள எண்டு எண்ணுங்கோ. ஒரு வெடியப் பாத்து முடிவெடுக்காதீங்க, ஒண்டு தற்செயலாவும் நல்லா விழும். முதல் நாளே பொலிசுக்குச் சொல்லி வையுங்கோ, நம்மட ஊரில வெடிச் சத்தம் கேட்டா யார் யார் வந்து நிப்பாங்கள் எண்டு உங்களுக்கே தெரியும்.

இதில எனக்கு வாற எரிச்சலையும் சொல்லத்தான் வேணும். பெர்மிட்டுக்குக் கிடைக்கிற தோட்டா அளவுதான், அதில ஆறு ஏழ சோதனைக்கு விட்டா மிச்சத்த வைச்சு எப்பிடிக் காவல் காக்கிற? 1916ம் ஆண்டுத் துவக்குச் சட்டம் இன்னும் ஓடுது, வருசா வருசம் புதுப்பிக்க ஜீஎஸ் (கிராம சேவகர்), பொலிஸ், கச்சேரி (மாவட்டச் செயலகம்) எண்டு அலையோணும், ஆனா கையில துவக்க வைச்சிருக்கிற விவசாயிக்கு எங்க எப்பிடி அடிச்சுப் பழகிறதெண்டு சொல்லித்தர ஒரு நாதியில்ல. பெர்மிட் குடுக்கிற கந்தோர்ல துவக்குட சேம்பரப் பற்றிக் கதைச்சுப் பாருங்கோ, முழிப்பாங்கள்.

சேம்பர் கதைய மட்டும் நிதானமா வாசிங்கோ. தோட்டா போய் இருக்கிற அறைதான் சேம்பர். பழைய இங்கிலாந்துத் துவக்குகளில அது பெரும்பாலும் இரண்டரை இஞ்சி, அதாவது 65 மில்லிமீற்றர். இப்ப வாற தோட்டாவெல்லாம் 70 மில்லிமீற்றர். பொறி என்னெண்டா, 70 தோட்டா 65 சேம்பருக்குள்ள சுகமாப் போகும், துவக்கும் பூட்டும். ஏனெண்டா பெட்டியில போட்டிருக்கிற 70 வெடிச்சு தோட்டா வாயில இருக்கிற மடிப்பு விரிஞ்ச பிறகு உள்ள நீளம், வெடிக்க முதல் 60க்குக் கிட்டத்தான் இருக்கும். வெடிச்ச உடன வாய் விரிய இடமில்லாம குழல் ஒடுங்கிற இடத்தில போய் அடைக்கும், அமுக்கம் ஏறும், சன்னம் நசுங்கிச் சிதறும். உங்கட சிதறலுக்கு இதுவும் காரணமா இருக்கலாம். சிதறினாப் பரவாயில்ல, பழைய குழல் வெடிச்சா இடது கை போயிடும். குழலைக் கழட்டி அடிப்பக்கத் தட்டையில குத்தியிருக்கிற முத்திரையப் பாருங்கோ, 2½ எண்டிருந்தா 70 தொடவேணாம். இதுக்கு ஒரு விலக்கு இருக்கு, 67 இல்லாட்டி 67.5 எண்டு வாற பெட்டியள். அத 65 சேம்பருக்கெண்டே செய்யிறாங்கள், நீளம் கூட எண்டு பயப்பட வேணாம், ஆனா பெட்டியிலயே இரண்டரை இஞ்சி சேம்பருக்கு எண்டு அச்சடிச்சிருக்கோணும், கடைக்காரர் வாயால சொன்னாப் போதாது, 67 சரியெண்டா 70ம் சரிதானே, மூண்டு மில்லிமீற்றர்தானே எண்டு கதைக்கிற ஆக்களும் இருக்கினம், அவைக்குத் தங்கட கை தேவையில்லப் போல. மற்றப் பக்கம், 70 சேம்பரில 65 போட்டாப் பயமில்ல.

அப்ப எந்தக் கொம்பனி? கடையில அண்டைக்கு என்ன இருக்கோ அதுதான் கொம்பனி, நம்மட நாட்டில தெரிவு அவ்வளவுதான். ரெண்டு விதம் இருந்தா, சன்னம் பிளாஸ்ரிக் கோப்பைக்குள்ள இருக்கிறதும், சன்னங்களுக்கு இடையில வெள்ளைத் தூள் நிரப்பினதும் பொதுவாச் சேர்ந்து விழும். வேகம் கூடவெண்டு போட்டிருக்கிறதுக்குக் காசைக் கொட்டாதீங்க.

புரோக்கர்மாரிட்டப் போகவே வேணாம். பெர்மிட் புத்தகத்தில ஏறாது அண்ணே, பாதி விலைக்குத் தாறன் எண்டு வருவான். அவன் தாறது அனேகமா வெடிச்ச தோட்டாட வெறுங்கோதைப் பொறுக்கி, என்ன மருந்தெண்டே தெரியாததப் போட்டு, சைக்கிள் போல்ஸ் (இரும்பு உருண்டை) நிரப்பி, மெழுகால வாயடைச்சது. கரிமருந்து அளவில புகையில்லா மருந்தப் போட்டானெண்டா உங்கட துவக்குக் குண்டுதான். பெட்டியில்லாம உதிரியா ஆர் தந்தாலும் வாங்காதீங்க, அம்பிட்டா உள்ள போறது அவனில்ல, நீங்கதான். சன்னம் சேர்ந்து போகட்டும் எண்டு தோட்டாவுக்குள்ள மெழுகு உருக்கி ஊத்திறது, கோதைச் சுத்தி வெட்டிறது எல்லாம் சொல்லித்தாறதும் இதே கூட்டம்தான்.

மாரிக்கு முதல் தோட்டாவ மூடி இறுக்கமான டப்பாவில, ஈரம் உறிஞ்சிற சின்னப் பொட்டலம் ஒண்டோட வையுங்கோ. கடதாசிக் கோது ஊதி சேம்பருக்குள்ள இறுகினா தட்டி உள்ள தள்ளாதீங்க.

கடைசியா, அதுவரைக்கும் மாமாட துவக்க இரவல் வாங்கிக் காவலுக்குப் போகலாமா எண்டும் கேட்டிருக்கிறீங்க. ஏலாது. பெர்மிட் அந்தத் துவக்குக்கு, அவர்ட பேருக்கு. மாமாவையே துவக்கோட வரச்சொல்லிக் கூட்டிப் போறதெண்டாலும் முதல்ல கச்சேரியில கேளுங்கோ, அவர்ட பெர்மிட் அவர்ட காணிக்கு எடுத்தது.