செங்கடல் கதையைச் சங்கீதங்கள் ஏன் திரும்பத் திரும்பப் பாடுகின்றன?

கேள்வி: எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் தப்பிக்கக் கடவுள் கடலைப் பிளந்த செங்கடல் கதையை, பைபிளின் யாத்திராகமப் புத்தகமே சொல்லி முடித்துவிட்டது. பைபிளின் பாட்டுகளான சங்கீதங்களை எழுதியவர்கள் அதையே ஏன் மறுபடி மறுபடி பாடுகிறார்கள்? புதிதாக ஏதாவது சொல்கிறார்களா?

சின்ன வயதில் எனக்கும் இதே சலிப்பு இருந்தது. எங்கள் சபையில் 136ஆம் சங்கீதத்தைப் போதகர் பாதி, நாங்கள் பாதி என்று மாற்றி மாற்றி வாசிப்போம். 26 வசனம், 26 தடவை "அவர் கிருபை என்றுமுள்ளது". 15ஆம் வசனத்தில் பார்வோன் கடலில் கவிழ்வதற்குள் எனக்குக் கண்ணைச் சொருகிவிடும்.

அப்புறம் ஒருநாள், அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து 77ஆம் சங்கீதத்தை வாசித்தேன். ஆசாப் என்ற பழைய ஆராதனைப் பாடகரின் பெயரில் உள்ள பாட்டு. "நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர்" என்று கடவுளிடமே குறைப்படுகிறார். தேவன் இரக்கம் காட்ட மறந்துவிட்டாரா என்று கேட்கிறார். பக்தர்கள் சத்தமாகக் கேட்கத் தயங்கும் கேள்வி அது. அதற்கு அவர் தனக்கே சொல்லிக்கொள்ளும் ஒரே மறுமொழி, பழைய கதை: செங்கடல்.

ஆனால் அதை உள்ளபடி சொல்வதில்லை. யாத்திராகமம் 14இல் இரவு முழுவதும் பலத்த கிழக்குக் காற்று அடித்துக் கடல் ஒதுங்குகிறது, அவ்வளவுதான். ஆசாப்பின் பாட்டிலோ மேகம் கொட்டுகிறது, இடி முழங்குகிறது, மின்னல் உலகைப் பளிச்சிட வைக்கிறது, பூமி அதிர்கிறது. தண்ணீர் கடவுளைக் கண்டு நடுங்குகிறது. கடல் இங்கே ஓர் ஆள் மாதிரி. அக்கம்பக்கத்துக் கானானியர்களிடம், புயல் தேவனான பாகால் யம் என்ற கடல் தேவனை அடித்து வீழ்த்தும் கதை இருந்தது. சிரியாவில் உகாரித் என்ற பழைய நகரத்தின் களிமண் பலகைகளில் அது கிடைத்திருக்கிறது. அந்தப் பாணியைக் கவிஞர்கள் எடுத்துத் தங்கள் விடுதலைக் கதைக்குப் போர்த்திவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தில், 51ஆம் அதிகாரத்தில், இது இன்னும் அப்பட்டம். "எழும்பு, எழும்பு" என்று கர்த்தருடைய புயத்தையே தட்டி எழுப்பி, இராகாப் என்ற கடல் மிருகத்தைத் துண்டித்தது நீதானே என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் கடலை வற்றச் செய்ததையும் நினைவூட்டுகிறது. பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்த ஜனத்துக்கான கவிதை அது. அன்றைக்குச் செய்தீரே, இன்றைக்கு என்ன ஆயிற்று என்று சட்டையைப் பிடிக்காத குறைதான்.

ஒரே கதையை எதிரெதிராகவும் திருப்புவார்கள். 105ஆம் சங்கீதமும் 106ஆம் சங்கீதமும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டிலும் எகிப்து, வனாந்தரம். முதலாவதில் ஜனங்களின் முறுமுறுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. கடவுள் எகிப்தின்மேல் அனுப்பிய வாதைகளின் வரிசைகூட மாறி, இருளில் தொடங்குகிறது. இரண்டாவதைத் திறந்தால் அந்த ஜனங்களின் குற்றப்பட்டியல்தான். 114ஆம் சங்கீதம் செங்கடலையும், ஜனங்கள் பயணக் கடைசியில் கடந்த யோர்தான் நதியையும் ஒரே வசனத்தில் ஓடவைக்கிறது. நடுவில் 40 வருஷம் இருக்கிறது. கவிஞருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சரி, 77க்கு வருகிறேன். அன்று என்னை நிறுத்தியது 19ஆம் வசனம். உமது வழி கடலில் இருந்தது என்று சொல்லிவிட்டு, "உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று" என்கிறார். யாத்திராகமத்தில் ஜனங்களுக்கு வழிகாட்டிய மேகத்தூணும் அக்கினித்தூணும் கண்ணெதிரே நிற்கின்றன. ஆசாப் அவற்றைத் தொடவே இல்லை. தடம் தெரியவில்லை என்பதைத்தான் பிடித்துக்கொள்கிறார். தன் இரவில் கடவுளைக் காணாத மனிதர், பழைய கதைக்குள் போய், அன்றைக்கும் காலடி தெரியவில்லைதானே என்று கண்டுபிடிக்கிறார். கதையைத் திரும்பச் சொல்வதால் கிடைக்கும் புதுசு இதுதான்.

அடுத்த வசனத்தில், அன்றைய தலைவர்களான மோசே, ஆரோன் கையால் மந்தையைப்போல் ஜனத்தை நடத்தினீர் என்கிறார். அத்தோடு பாட்டு முடிகிறது. அவருக்குத் தூக்கம் வந்ததா என்று சங்கீதம் சொல்லவில்லை.