ஐந்து கண்ணிப் பின்னல் இரண்டாகப் பிரிகிறதா? கிட் வாங்க வேண்டாம்

கேள்வி: டெக்சஸில் நடக்கும் மறுமலர்ச்சிக் காலச் சந்தைக்கு (பழைய ஐரோப்பாவைப் போல வேடமிட்டு நடத்தும் திருவிழா) மகளுடன் போயிருந்தேன். கருவி எதுவும் இல்லாமல் விரல்களில் நூலை மாட்டி ஒருவர் கயிறு பின்னிக்கொண்டிருந்தார். சுருக்குப்பைக்குக் கயிறு செய்யலாம் என்று வீட்டில் ஐந்து கண்ணி (வளையமாக முடிந்த நூல்) வைத்துப் பின்னினோம். ஒரே கயிறாக வராமல், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மெல்லிய நாடாவாகப் பிரிகிறது. இணையத்தில் ‘வைக்கிங் பின்னல் கிட்’ விற்கிறார்கள். வாங்கினால் சரியாகுமா? (ஹூஸ்டன் வாசகி)

பதில்: வாங்காதீர்கள். கருவி இல்லாததால் வந்த கோளாறு அல்ல இது. கண்ணியைத் திருப்பாமல் எடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இதை நீங்களே கண்ணால் பார்த்துவிடலாம். ஒவ்வொரு கண்ணியையும் பாதி சிவப்பு, பாதி வெள்ளை நூலாக முடிந்துகொள்ளுங்கள். விரலில் மாட்டினால் ஒரு நிறம் மேலே, ஒரு நிறம் கீழே நிற்கும். இடது கையில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களில் மூன்று கண்ணி. வலது கையில் நடு, மோதிர விரல்களில் இரண்டு. வலது ஆள்காட்டி விரல் தன் கையிலுள்ள இரண்டு கண்ணிகளுக்குள்ளும் நுழைந்து போய், இடது மோதிர விரலில் இருக்கும் கண்ணியை இழுத்து வர வேண்டும். பிசகுவது இங்கேதான். சிவப்பு மேலே இருந்த கண்ணி, வந்து சேரும்போது சிவப்பு கீழே இருக்க வேண்டும். சிவப்பு மேலேயே இருந்தால் திருப்பாமல் எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இடது கையில் மிச்சமிருக்கும் இரண்டு கண்ணிகளையும் திருப்பாமல் ஒவ்வொரு விரல் கீழே தள்ளுங்கள். இப்போது இடது ஆள்காட்டி விரல் காலி. அதே வேலையை அந்தப் பக்கத்திலிருந்து செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு கைகளையும் நன்றாக அகல விரித்து இறுக்க வேண்டும். அரைகுறையாக விரித்தால் தொளதொளவென்றுதான் வரும்.

இரண்டு பக்கமும் திருப்பி எடுத்தால் ஒரே கெட்டியான கயிறு. ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் இரண்டு நாடாவும் ஒரு ஓரத்தில் ஒட்டியிருக்கும், விரித்தால் அகலமான நாடா. இரண்டு பக்கமும் திருப்பாவிட்டால் உங்களுக்கு வந்த மாதிரி இரண்டு நாடா. இதையெல்லாம் 15ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் ஹார்லி 2320 என்ற எண்ணுள்ள கையெழுத்துப் பிரதியில் விரலுக்கு விரல் செய்முறை இருக்கிறது. அதைப் பின்பற்றக் கையும் நூலும் போதும். சட்டையை இறுக்கும் கயிறு, பைக் கயிறு எல்லாம் அன்றைக்கு இப்படித்தான் பின்னினார்கள்.

அந்த ‘வைக்கிங் கிட்’ விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலும் அதில் இருப்பது லூசெட் என்ற இரண்டு முள் கவை. வைக்கிங் கால அகழாய்வுகளில் கவை போன்ற எலும்புத் துண்டுகள் கிடைத்திருப்பது உண்மை. அவை கயிறு பின்னத்தான் பயன்பட்டன என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சில கிட்டுகளில் வெட்டுப்போட்ட வட்ட ஃபோம் தட்டு ஒன்றும் இருக்கும். அது ஜப்பானின் குமிஹிமோ பின்னலுக்கு இந்தக் காலத்தில் வந்த எளிய வடிவம். நல்ல பொருள்தான், ஆனால் ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு தோல் பையும் பழுப்பேற்றிய தாளும் சேர்த்து விலையை ஏற்றிவிடுகிறார்கள். விற்பவர்களில் பலர் மொத்தமாக வாங்கிப் பெயர் மாற்றி விற்பவர்கள், ஒரு முழம்கூடப் பின்னியிருக்க மாட்டார்கள். இதை வைத்து நீங்கள் பின்னிய துண்டு ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. லூசெட் முள்ளின் உட்பக்கம் மழமழவென்று இல்லாவிட்டால் நூல் சிக்கிச் சிக்கி நைந்து போகும். அதையும் படத்தில் காட்ட மாட்டார்கள்.

எனக்குச் சந்தை நடத்துபவர்கள் மேலும் வருத்தம் உண்டு. இது கடைக்காரர் கையால் செய்தது, இது வாங்கி விற்பது என்று ஒரு அட்டை வைக்கச் சொல்வதில் என்ன சிரமம்? அருங்காட்சியகங்களோ ஆடைக்குப் பத்து வரி எழுதிவிட்டு, அதைக் கட்டிய கயிற்றுக்குப் ‘பட்டுப் பின்னல்’ என்று இரண்டு சொல்லோடு நிறுத்திவிடுகின்றன. அது விரலில் பின்னியதா, கருவியிலா என்று கற்றுக்கொள்பவர் எங்கே போய்த் தெரிந்துகொள்வது? அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரிகள் புகுந்துகொள்கிறார்கள்.

லூசெட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு சந்தர்ப்பத்தில் அதுதான் சரி: நீளமான கயிறு வேண்டுமென்றால். விரல் பின்னலில் கண்ணியின் நீளம்தான் கயிற்றுக்கு எல்லை. கையை விரித்து இறுக்க முடிகிற அளவுக்கு மேல் கண்ணியை நீட்ட முடியாது. லூசெட்டில் நூல் நேராக உருண்டையிலிருந்து வருகிறது, தீரும்வரை பின்னலாம். பாதியில் வைத்துவிட்டு நாளைக்குத் தொடரலாம். அங்கியின் ஓரம் முழுக்கத் தைக்க ஐந்தாறு மீட்டர் கயிறு வேண்டுமா, லூசெட் வாங்குங்கள். அப்போதும் தனிக் கவையாக வாங்குங்கள், கிட்டாக வேண்டாம். ஆனால் அதில் வருவது ஒரே நூல் வளையம் வளையமாகக் கோத்த சதுரக் கயிறு. சந்தையில் நீங்கள் பார்த்த பின்னல் அது அல்ல.

உங்களுக்கு வேண்டியது சுருக்குப்பைக் கயிறு, அதற்கு விரல் போதும். நூல் மட்டும் வழவழப்பான பருத்தியாக இருக்கட்டும், குரோஷா நூல் நன்றாக வரும். பிசிறுள்ள அக்ரிலிக் உல்லனில் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழகுவதற்கு ஒன்றரை முழக் கண்ணி போதும். பின்னும்போது நீளம் குறையும் என்பதால் தேவைக்கு மேல் தாராளமாக வையுங்கள். கண்ணி நீளமாகப் போனால், நீங்கள் கையை விரிக்கும்போதெல்லாம் முடிச்சுப் பக்கம், பின்னல் உருவாகும் இடத்தில், உங்கள் மகள் விரலால் தட்டி இறுக்கட்டும். அந்தக் காலத்திலும் நீளக் கயிற்றுக்கு இரண்டு பேர் சேர்ந்துதான் பின்னினார்கள்.

இப்போது பின்னியிருப்பதை அவிழ்க்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து இரண்டு பக்கமும் கண்ணியைத் திருப்பி எடுத்துத் தொடருங்கள். அந்த இடத்திலிருந்து இரண்டு நாடாவும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.