கார்த்திகை தீபம் வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். புதுச்சேரி சேதராப்பட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசி ஏழு ஆண்டுகள் கொள்முதல் மேலாளர். சென்ற கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் மாலை, என்னை உடனடியாகப் பணிநீக்கம் செய்திருப்பதாக மின்னஞ்சல் வந்தது. ‘நம்பிக்கை இழப்பு’ என்ற ஒற்றைக் காரணம். விசாரணை எதுவும் நடக்கவில்லை. மறுநாள் சப்ளையர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் புகைப்படத்தைப் போட்டு, ‘நிதி மோசடிக்காக நீக்கப்பட்டவர், யாரும் தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டாம்’ என்று நிர்வாக அதிகாரி ஒருவர் எழுதினார். நூறு பேருக்கு மேல் இருக்கும் குழு அது. அவசரத்துக்கு இரண்டு முறை மூன்று கொட்டேஷன் வாங்காமல், எம்.டி.யின் வாய்மொழி அனுமதியில் சரக்கு எடுத்திருக்கிறேன். மற்றபடி ஒரு பைசா தொட்டதில்லை. ஆனி மாதம் நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்கு வந்த சப்ளையர் ஒருவர் என்னைப் பார்த்ததும் எதிர் வரிசைக்குப் போய்விட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எம்.டி. என்றாவது கூப்பிடுவார் என்று எட்டு மாதம் காத்திருந்துவிட்டேன். எனக்கு வேலை திரும்ப வேண்டும். ஒரு கோடி நஷ்டஈடும் வேண்டும். எம்.டி.யைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் அதே சப்ளையர்களுக்கு நானும் எழுதட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்: சகோதரரே, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பந்தியில் நடந்ததை எழுதிய இடத்தில் உங்கள் கையெழுத்தே மாறியிருக்கிறது. அந்த வலியைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். சட்டத்தில் அதற்குத்தான் நாள் குறைவாக இருக்கிறது.

எழுத்தில் வந்த அவதூறுக்கு நஷ்டஈடு கேட்டு உரிமையியல் (சிவில்) வழக்குப் போட, காலவரையறைச் சட்டம் 1963 தரும் அவகாசம் ஒரே ஒரு வருடம். செய்தி வெளியான நாளிலிருந்து அது ஓடத் தொடங்குகிறது. எட்டு மாதம் போய்விட்டது. தீபம் ஆண்டுக்கு ஆண்டு நகரும் நாள் என்பதால், அந்தச் செய்தியின் ஆங்கிலத் தேதியை இன்றே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கோர்ட் கணக்கு அதுதான். பின்னால் யாரோ அதை மறுபடி பகிர்ந்தார்கள், அதனால் காலம் நீளும் என்ற நம்பிக்கையில் இருக்க வேண்டாம்.

நான் ஜூனியராக இருந்தபோது சீனியரிடம் உங்களைப் போலவே ஒருவர் வந்தார். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு, அவரைத் திருடன் என்று சொல்லும் சுற்றறிக்கை கையில் இருந்தது. அதைவிடத் தெளிவான ஆதாரத்தை அதன் பிறகும் நான் அதிகம் பார்த்ததில்லை. ஆயுதபூஜைக்கு முதலாளி கூப்பிடுவார், பொங்கலுக்குக் கூப்பிடுவார் என்று காத்திருந்து, பதினான்காவது மாதம் வந்திருந்தார். சீனியர் தேதியைப் பார்த்தார். கோப்பை மூடி, இரண்டு கைகளாலும் அவரிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் படியிறங்கிப் போனது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. உங்களுக்கு அப்படி நேரக் கூடாது.

எது அவதூறு, எது இல்லை என்பதையும் பிரித்துப் பாருங்கள். உங்களுக்கு மட்டும் வந்த பணிநீக்க மின்னஞ்சல் எவ்வளவு கொடுமையாக இருந்தாலும், மூன்றாவது ஆளுக்குப் போகாத வரை அதை வைத்து அவதூறு வழக்கு நிற்காது. சப்ளையர்களிடம் ‘இவர் இனி எங்கள் பணியில் இல்லை’ என்று தெரிவிக்கவும் நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ‘நிதி மோசடிக்காக’ என்று எழுதியதும் அவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். உண்மை என்று நிரூபித்தால் தப்பிப்பார்கள். நல்லெண்ணத்துடன், வியாபாரத்தைக் காக்கச் சொன்னோம் என்றும் வாதிடுவார்கள். விசாரணையே நடத்தாமல் நூறு பேருக்குப் படத்தோடு அனுப்பியவர்களுக்கு அந்த வாதம் எளிதாக இருக்காது என்பது என் கணிப்பு.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு கொட்டேஷன் விவகாரத்தை வக்கீலிடம் முதல் நாளே, ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். பெயர் கெட்டது என்று வழக்குப் போடுகிறவரின் பழைய கணக்கையெல்லாம் எதிர்த்தரப்பு கூண்டில் வைத்துக் கிளறும். எம்.டி.யின் அனுமதி வாய்மொழிதான் என்கிறீர்கள். அதன் பிறகு அவர் அந்த பில்லில் கையெழுத்திட்டாரா, பணம் போனபோது மின்னஞ்சலில் ஏதாவது எழுதினாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அதற்காகப் பழைய பாஸ்வேர்டை வைத்து நிறுவனக் கணினிக்குள் நுழைந்துவிடாதீர்கள், அது தனிக் குற்றம். வேண்டிய ஆவணங்களைத் தாக்கல் செய்யும்படி நிறுவனத்துக்கு உத்தரவிடக் கோர்ட்டையே கேட்கலாம்.

ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால் போதாது. மின்னணு ஆதாரத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். செய்தி வந்த போனை வைத்திருப்பவர் அதை மாற்றாமலும் அழிக்காமலும் வைத்திருப்பது முக்கியம். அந்தச் சப்ளையர்கள் இன்றும் நிறுவனத்தோடு வியாபாரம் செய்வதால் சாட்சி சொல்லத் தயங்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. இப்போது அங்கே சரக்குக் கொடுக்காத ஒருவரைத் தேடுங்கள்.

வழக்கை எங்கே போடுவது? தீங்கு நேர்ந்த இடத்திலும் போடலாம், எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலும் போடலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம் 19-ஆவது பிரிவு. செய்தி கடலூர் சப்ளையரின் போனுக்கும் வந்திருந்தால், புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டாமல் கடலூரிலேயே போட முடியும்.

அதற்கு முன் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். செய்தியைப் போட்ட அதிகாரிக்கும் நிறுவனத்துக்கும் தனித்தனியாகப் போகட்டும். பதினைந்து நாள் கெடு கொடுத்து, அதே வாட்ஸ்அப் குழுவில் மறுப்பும் மன்னிப்பும் வெளியிட வேண்டும் என்று கேளுங்கள். தனியாக உங்கள் கையில் கொடுக்கும் மன்னிப்புக் கடிதத்தால் அந்தப் பந்தியில் எதுவும் மாறாது. குற்றவியல் வழியும் இருக்கிறது: 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு, இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை. பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும், மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அதில் தொடங்குவதை நான் விரும்பமாட்டேன். சிறைப் பேச்சு எழுந்துவிட்டால் எதிர்த்தரப்பு மன்னிப்புக்கு இறங்கி வராது.

இனி வேலை. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது: கோர்ட் மூலம் அந்த நாற்காலி உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது. தொழில் தகராறு சட்டம் 1947 ஆனாலும், அதன் இடத்துக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2020 ஆனாலும், வேலையைத் திரும்பக் கேட்கும் வழியைத் தொழிலாளிக்குத்தான் தருகின்றன; நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரைத் தொழிலாளியாகக் கருதுவதில்லை. பதவியின் பெயரைவிடச் செய்த வேலைதான் முக்கியம். ஆர்டரில் கையெழுத்திடும் அதிகாரமும், கீழே இருப்பவர்களுக்கு லீவு கொடுக்கும் அதிகாரமும் இருந்திருந்தால் நீங்கள் நிர்வாகிதான். உரிமையியல் நீதிமன்றமோ, விருப்பமில்லாத தனியார் முதலாளியிடம் ஒரு மேலாளரை மறுபடி வேலையில் வைக்கச் சொல்லாது. தவறான பணிநீக்கத்துக்குப் பெரும்பாலும் நோட்டீஸ் காலச் சம்பளம்தான் கிடைக்கும். உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலை 1957-லேயே சொல்லிவிட்டது. நியமனக் கடிதத்தில் மூன்று மாதம் என்றிருந்தால் மூன்று மாதச் சம்பளம். அதைக் கேட்க மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஒரு கோடியை மறந்துவிடுங்கள். கேட்கும் தொகை ஏற ஏறக் கோர்ட் கட்டணமும் ஏறும். வேறு நிறுவனத்தில் பேசி முடித்த வேலை இந்தச் செய்தியால் கைநழுவியதா? அப்படியென்றால் அந்தச் சம்பளக் கணக்கைக் கொடுத்து, நிரூபிக்கக்கூடிய தொகையைக் கேளுங்கள்.

உங்களுக்கு உறுதியாக வர வேண்டிய பணத்தை நீங்கள் கேட்கவே இல்லை என்பதுதான் என் வருத்தம். பணிக்கொடை (கிராஜுவிட்டி) மேலாளர்களுக்கும் உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 52,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 19-ஆலும் பெருக்குங்கள்: 5,70,000 ரூபாய். ‘மோசடி’ என்று வாயால் சொல்லிவிட்டு இதை நிறுத்திவைக்க முடியாது. உங்கள் விளக்கத்தைக் கேட்டு, எழுத்தில் உத்தரவு போட்டால்தான் பிடிக்க முடியும்: நஷ்டம் ஏற்படுத்தியதற்காக நீக்கியிருந்தால் அந்த நஷ்டத்தின் அளவுக்கு மட்டும்; பணியில் இருந்தபோது மோசடி போன்ற ஒழுக்கக்கேடான குற்றம் செய்ததற்காக நீக்கியிருந்தால் ஒரு பகுதியையோ முழுவதையுமோ. முதலில் நிறுவனத்துக்கு விண்ணப்பியுங்கள். முப்பது நாளில் தராவிட்டால் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம் போகலாம், வட்டியும் கேட்கலாம். ‘எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அச்சடித்த தாளை நீட்டினால் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள்.

எம்.டி.யைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஒரு வரிகூட வேண்டாம். இன்று நீங்கள் வாதி. அதை அனுப்பிய மறுநிமிடம் நீங்களும் பிரதிவாதியாகிவிடுவீர்கள், அவருடைய வக்கீல் முதலில் தாக்கல் செய்யும் ஆவணம் உங்கள் செய்தியாகத்தான் இருக்கும்.

இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். நியமனக் கடிதம், பணிநீக்க மின்னஞ்சல், கடைசிச் சம்பளச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். நெல்லிக்குப்பத்தில் இலை மாறி உட்கார்ந்தவரின் பெயரை எனக்கு எழுதவில்லை, வக்கீலிடம் சொல்லுங்கள். அந்தச் செய்தி அவருடைய போனில் இன்னமும் இருக்கலாம். அதைப் படித்த ஒருவர் உங்களை எப்படிப் பார்த்தார் என்பதைக் கோர்ட்டில் சொல்லக்கூடியவரும் அவர்தான்.